வந்தவளுக்கு ஒரு பெயர்

பைகோ
9 அக்டோபர் 1983

லராபா அண்ணிக்கு,

யெபுவா எழுதுகிறேன். உங்கள் தம்பி எழுதச் சொல்லவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி முற்றத்தில் கிழங்கு அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

பெண் பிறந்திருக்கிறாள். இருவரும் நலம்.

மூன்று வருடமாகப் பேசாதவர்களுக்கு இந்த இரண்டு வரி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். போதவில்லை.

மின்னா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தது. மழையில் பாதை அரித்துப் போய் லாரி வரவில்லை. சித்தப்பாவின் மருமகள் ஆசாபேயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஒருத்தி என் பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சால் என் முதுகைத் தாங்கிக்கொண்டாள். அவள் மூச்சு விட்டபோது நானும் விட்டேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆசாபே என் கன்னத்தில் தட்டினாள்.

"ஏய் பட்டணத்துக்காரி, புத்தகம் படிக்கிற மாதிரி பெத்துக்காதே. வாயைத் திற!"

திறந்தேன். நான் கத்தியபோது அவர்களும் கத்தினார்கள். என்னைத் தனியாகக் கத்த விடவில்லை. வலியின் நடுவில்கூட எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேர் எனக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

இப்போது காலையும் மாலையும் வெந்நீர். கொதிக்கும் பானையில் இலைக்கொத்தை முக்கி என் வயிற்றில் அடிக்கிறார்கள். நான் திட்டுகிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள்.

இனி விஷயம்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தபோது ஆசாபேயின் கை நின்றது. இடது காதின் பின்னால் பயறு அளவு கறுப்பு மறு. "கிம்பியா" என்றாள். அப்புறம் எல்லோரும் வந்து அந்தக் காதை மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். உங்கள் மகளுக்கும் அங்கேதான் இருந்ததாம்.

இறந்தவர்கள் இந்த வீட்டுக்கே திரும்பி வருவார்கள் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. வந்திருப்பது யார் என்பதில்தான் பேச்சு. அதைச் சொல்லிப் பெயர் வைக்க வேண்டியவர் அத்தை, அதாவது நீங்கள். அதுவரை அவளுக்கு 'வந்தவள்' என்றுதான் பெயர். "வந்தவ பால் குடிச்சாளா?" "வந்தவ ஏன் அழுறா?"

கிம்பியாதான் என்றால், பால் மறந்ததும் அவளை உங்களிடம் அனுப்ப வேண்டும் என்று சித்தப்பா இப்போதே பேசுகிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். உங்களுக்கு வேறு பிள்ளை இல்லை என்பதால்.

அண்ணி, வாருங்கள். வந்து, இவள் கிம்பியா இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

யெபுவா


சுலேஜா, லாரி நிலையம்
17 அக்டோபர்

யெபுவாவுக்கு,

பொண்ணு பொறந்ததுல சந்தோஷம். ரெண்டு பேரும் நல்லா இருங்க. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், உன்னை மாதிரி எழுத வராது. கிழங்கு பொரிச்சுக்கிட்டே எழுதறேன், எண்ணெய் பட்டிருக்கும்.

'இல்லைன்னு சொல்லுங்கள்'னு எழுதியிருக்கே. அதைப் படிச்சப்போ ஒரு சட்டிக் கிழங்கு கருகிப் போச்சு. சாப்பிட வந்த டிரைவர் ஒருத்தன், "என்னக்கா, யாராவது செத்துட்டாங்களா?"ன்னான். "புதுசா யாரும் சாகல, நீ தின்னு"ன்னேன்.

என் மகளை ஒரு தடவை மண்ணுக்குள்ள வச்சேன். இப்ப அங்க வந்து, ஊரே பாக்க, 'நீ என் மக இல்ல'ன்னு சொல்லி ரெண்டாந்தடவை வைக்கணுமா? உனக்காகவா?

அன்னிக்கு நீ எங்க நின்னே? ஷியா மரத்தடியில, சுவருக்கு வெளிய. நான் வாசல்ல உக்காந்து உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். என்கூடச் சண்டை போட்டவளுங்ககூட வந்து என் தோளைத் தொட்டுட்டுப் போனாங்க. நீ வரல. கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னே. என் துக்கம் உனக்கு நாத்தமா அடிச்சுதா?

உன்னை எனக்கு முதல்ல பிடிச்சிருந்துச்சு. அதைச் சொல்லணும். கல்யாணமாகி வந்த மறுநாளே ஓடையிலேர்ந்து குடத்தைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தே. இபாதான்ல வளந்தவ, நம்ம பொம்பளைங்க தோள்ல சுமக்கிறதை உங்கம்மா உனக்குச் சொல்லித் தரலை போலன்னு நினைச்சேன். யாரும் சிரிக்கக் கூடாதுன்னு எல்லாரையும் அதட்டினேன். நான் மட்டும் சிரிச்சேன். நீயும் சிரிச்சே. இவ நம்மாளுதான்னு அன்னிக்குத் தோணிச்சு.

அந்தப் பொண்ணு எப்படி மரத்தடியில நின்னான்னுதான் இன்னும் புரியல.

நான் வர மாட்டேன். ஆசாபே பேர் வைக்கட்டும். அவளுக்குத்தான் வாய் நீளம்.

லராபா


பைகோ
24 அக்டோபர்

அண்ணிக்கு,

கைக்குட்டை வாந்திக்காக.

உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே இந்த மூன்று வருடமும் நினைத்திருந்தேன். தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று எனக்கும் கோபம். உங்கள் கடிதம் வந்ததும் உங்கள் தம்பியிடம் கேட்டேன். "நான் எப்படிச் சொல்லுவேன்? அது பொம்பளைங்க விஷயம்" என்றார். ஆசாபேயிடம் கேட்டேன். "வயிறு தெரியுறதுக்கு முன்னாடி யாராவது சொல்லுவாங்களா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. வழக்கம் தெரிந்தவர்கள், அதனால் சொல்லவில்லை.

அன்று எனக்கு இரண்டாம் மாதம். உங்கள் வாசல்வரை வந்தேன். மரத்தடியில் ஆசாபே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கு மேல ஒரு அடி வைக்காதே. சாவு வீட்டுக்குள்ள போனா உள்ள இருக்கிறதும் அதுகூடப் போயிடும்." நான் அவளைவிடப் பலசாலி. உதறியிருக்கலாம். உதறவில்லை. நம்பினேனா? தெரியாது. என் கால் நம்பியது.

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். நானும் உங்களையேதான் பார்த்தேன். யார் வந்து தோளைத் தொட்டாலும் நீங்கள் அவர்கள் கையின் மேல் உங்கள் கையை வைத்தீர்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு நீங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று அங்கே நின்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் உள்ளே வர ஆசைப்பட்டேன்.

அடுத்த வாரம் அது போய்விட்டது. நான் வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் போனது.

புதைக்க ஒன்றும் இல்லை. அதனால் யாரும் வரவில்லை. இல்லாத பிள்ளைக்குத் துக்கம் கேட்க வழக்கமில்லை. நான் அறைக்குள் இருந்தேன். உங்கள் தம்பி வெளியே மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். போட்டதைக் கழற்றித் திரும்பவும் போட்டார். அண்ணி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் சுலேஜாவுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

யார் துக்கம் பெரிது என்று பார்க்க இதை எழுதவில்லை.

வந்தவள் விக்கிக்கொண்டே தூங்குகிறாள்.

யெபுவா


சுலேஜா
2 நவம்பர்

யெபுவா,

ரெண்டு நாளா உன் கடுதாசியை இடுப்புல சொருகிக்கிட்டே கடை போட்டேன். வேர்வையில பாதி அழிஞ்சு போச்சு. அழியறதுக்குள்ள மனப்பாடம் ஆயிடுச்சு.

அந்தக் கைக்குட்டையை நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா. உன்னைவிட அதைத்தான் அதிகம் திட்டினேன்.

ஆசாபே உன் கையைப் பிடிச்சது சரி. நான் இருந்தாலும் பிடிச்சிருப்பேன். ஆனா அடுத்த வாரம் உன்கிட்ட வந்து உக்காந்திருப்பேன். வழக்கம் என்ன பெரிய வழக்கம். வந்து உக்காந்து ஒண்ணும் பேசாம இருந்திருப்பேன். கஞ்சி வச்சுக் குடுத்திருப்பேன். நீ குடிக்கலைன்னா நானே குடிச்சிருப்பேன். நான் இருந்திருந்தா. நான்தான் போயிட்டேனே.

டிரைவர்கிட்ட, பிள்ளைக்குத் தேய்க்க ஷியா வெண்ணெய் ஒரு டப்பா குடுத்து விட்டிருக்கேன். அவன் அதை வழியில தலையில தடவிக்கிட்டான்னா சொல்லு, இங்க அவனைப் பாத்துக்கறேன். வெந்நீருக்குக் காய வச்ச இலை ஒரு கட்டு. வெந்நீரை நிறுத்திடாதே. சுடுதுன்னு அழுதாலும் நிறுத்தாதே. நாப்பது வயசுல இடுப்பு வலிக்காம இருக்கும்போது ஆசாபேயைக் கும்பிடுவே.

வந்தவ எப்படித் தூங்கறா? கையை மூடிக்கிட்டா, திறந்துகிட்டா?

சொல்லாதே. அதுக்குப் பதில் எழுதாதே.

எனக்கு இங்க ஒரு வாழ்க்கை ஆயிடுச்சு யெபுவா. காலையில நெருப்பு, சாயங்காலம் சாம்பல். நடுவுல நூறு லாரி. யாரும் யாரையும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. அங்க வந்து அந்தக் காதை மடக்கிப் பாத்தா, பாத்தது பாத்ததுதான். ஆமான்னாலும் நான் செத்தேன், இல்லைன்னாலும் செத்தேன். உனக்கு அவளை விட முடியாதுங்கிற பயம். எனக்கு அவளைப் பாக்கவே பயம்.

லராபா


பைகோ
11 நவம்பர்

அண்ணிக்கு,

வெண்ணெய் முழுதாக வந்தது. டிரைவர் மீது சந்தேகம் வேண்டாம், அவர் வழுக்கை.

நீங்கள் எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை.

அவளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. இன்று இல்லை. ஆனால் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. பெயருக்காக அழுகிறாள், கிம்பியா என்று கூப்பிட்டால் அடங்குவாள் என்கிறார்கள். நேற்று ஆசாபே தொட்டிலருகே குனிந்து அந்தப் பெயரை மெதுவாகச் சொல்வதைப் பார்த்தேன். கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கும் உங்கள் மகள் மேல் உயிர். பாதி நாள் அவள் முதுகில்தான் கிம்பியா வளர்ந்தாளாமே.

சித்தப்பா நாள் குறித்துவிட்டார். இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை. நீங்கள் வராவிட்டால் ஆசாபே குழந்தையை வாசலுக்கு வெளியே தூக்கி வந்து அந்தப் பெயரைச் சொல்லுவாள். சொன்னால் சொன்னதுதான்.

என் பயம் அவளை அனுப்புவது மட்டும் இல்லை. அதை முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். ஒருமுறை வந்து போனவளுக்குப் போகிற வழி தெரியும். காய்ச்சலின்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படித்தவள் நினைக்கக் கூடாத நினைப்பு. நினைத்தேன்.

ஆனாலும் 'இல்லை என்று சொல்லுங்கள்' என்று எழுதியது தவறு. ஒரு தாயிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். அவள்தான் என்றால் அவள்தான். பால் மறந்ததும் நானே சுலேஜாவுக்குக் கொண்டு வந்து விடுகிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது ஒரு கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

யெபுவா


பைகோ
29 நவம்பர்

அண்ணிக்கு,

நீங்கள் ஏறிப்போன லாரியின் புழுதி அடங்கும்வரை உங்கள் தம்பி பாதையிலேயே நின்றார். அப்புறம் வந்து, கண்ணில் தூசி என்றார். இது புழுதிக் காற்றுக் காலமாக இருப்பது அவர் அதிர்ஷ்டம்.

வீட்டில் இன்னும் உங்கள் பேச்சுதான். நீங்கள் வந்து இறங்கியதும் யாரோடும் பேசாமல் உள்ளே வந்ததும், "எல்லாரும் வெளிய போங்க, நான் குளிப்பாட்டணும்" என்றதும், நானும் எழுந்தபோது "நீ எங்க போறே, உக்காரு" என்றதும். ஆசாபே அதை உங்கள் குரலிலேயே நடித்துக் காட்டுகிறாள்.

நீங்கள் குளிப்பாட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தீர்கள். அவள் அழ வாயெடுத்தாள். நீங்கள் அவள் பாதம் இரண்டையும் ஒரே கையில் பிடித்தீர்கள். வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஏழு வாரமாக வராத ஒன்று. பொறாமை வர வேண்டும். வரவில்லை. உங்கள் கை மறக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குளிப்பாட்டி முடியும்வரை நீங்கள் அந்தக் காதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து வெயிலில் நின்றீர்கள். சித்தப்பா முன்னோர்களுக்காகச் சோளக் கள்ளைத் தரையில் ஊற்றிக் கேட்டார். "லராபா, வந்திருக்கிறது யாரு?"

அப்போதுதான் காதை மடக்கினீர்கள். பார்த்தீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்றேன்.

"யாரும் இல்ல சித்தப்பா. இவ புதுசு."

"நல்லாப் பாருடி," என்றாள் ஆசாபே. "மறு இருக்கே!"

"மறு யாருக்கு இல்ல? உன் முதுகுல உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. அதுக்காக உன்னை உன் மாமியார்னு கூப்பிடட்டுமா?"

சித்தப்பாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் சொல்லிவிட்டீர்கள். "வியாழக்கிழமை பொறந்தவ. லாமி." கிழமையின் பெயர். இந்த வீட்டில் இதுவரை யாருக்கும் இல்லாத பெயர். புதன்கிழமை பிறந்ததால் லராபா என்று பெயர் பெற்ற நீங்கள் வைத்தது. இனி யாரும் அவளை என்னிடமிருந்து கேட்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது முழுதாகக் கிடைத்துவிட்டது.

அப்படியும் தூக்கம் வரவில்லை.

அண்ணி, நான் பக்கத்தில் நின்றேன் என்றேன். நீங்கள் காதை மடக்கியபோது உங்கள் கட்டைவிரல் அந்த மறுவின் மேல் இருந்தது. மறைக்கவில்லை. தடவிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

எனக்காகப் பொய் சொன்னீர்களா? அப்படியென்றால் நான் உங்களிடமிருந்து எதை வாங்கிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

பதில் எழுதாமலும் இருக்கலாம்.

யெபுவா


சுலேஜா
7 டிசம்பர்

யெபுவா,

உன்கிட்ட ஒரு குணம். கொடுத்ததை வாங்கிக்கிட்டுப் பேசாம இருக்க மாட்டே. எங்கேருந்து வந்துதுன்னு கேப்பே. பள்ளிக்கூட டீச்சர் புத்தி. எனக்கு அது பிடிக்கும். வேற யாருக்கும் சொல்லாதே, முக்கியமா என் தம்பிக்கு. அவன் அழுவான், அப்புறம் ஊருக்கே தெரியும்.

வர்ற வழியெல்லாம் 'இல்லைன்னு சொல்லக் கூடாது'ன்னுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். நீ எழுதின அந்தக் கோணல் வரி இருக்கே, கொண்டு வந்து விடறேன்னு, அதைப் பிடிச்சுக்கிட்டுதான் லாரியில ஏறினேன். நான் ஒண்ணும் நல்லவ இல்ல. லாமிக்குன்னு பாய்கூட வாங்கியாச்சு. அப்ப அவ லாமி இல்ல. என் மனசுல வேற பேரு.

உள்ள வந்தேன். நீ அவளை என் கையில குடுத்தே. பிடுங்கற மாதிரி நான் நீட்டினேன், நீ குடுத்தே. அதை நான் பாத்தேன். என்கிட்ட யாராவது அப்படிக் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனா? மாட்டேன் யெபுவா. மண்ணு கேட்டப்பவே நான் குடுக்கல, நாலு பேர் என் கையைப் பிரிச்சாங்க.

மறுவைப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. தண்ணி ஊத்தறப்பவே தெரிஞ்சுடுச்சு. எப்படின்னு கேக்காதே, அதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. உன் கண்ணைக் கட்டி நூறு பிள்ளைக்கு நடுவுல விட்டாலும் உன் பிள்ளை எதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த மாதிரி.

அவதான்.

அதனாலதான் இல்லைன்னேன்.

பொய்தான். உனக்காகச் சொன்னேன்னு நினைச்சு அழாதே. உனக்குப் பங்கு இருக்கு, ஆனா கொஞ்சம்தான். நீதான் எழுதினியே, போற வழி தெரிஞ்சவன்னு. உனக்கு அது படிச்சவ நினைக்கக் கூடாத நினைப்பு. எனக்கு அது நான் கண்ணால பாத்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன், அவ போனப்போ. கடைசியா அவ கேட்டது என் குரல்ல அந்தப் பேருதான். மறுபடி அதைக் கேட்டா எங்க விட்டுட்டு வந்தோம்னு அவளுக்கு ஞாபகம் வரும். அவ பழைய வீட்டைத் தேடக் கூடாது. புது வீட்டுல, புதுப் பேர்ல, உன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அவ தங்கணும். அம்மான்னு உன்னைக் கூப்பிடட்டும். என்னை அத்தைன்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்கும்.

நீ எதை வாங்கிக்கிட்டேன்னு கேட்டே. ஒண்ணும் வாங்கல. நான்தான் உன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். வெந்நீரை நிறுத்தாதே. கிழங்கு நடவுக்கு வர்றேன். அதுக்குள்ள குப்புறப் படுக்க ஆரம்பிச்சுடுவா.

பேரைச் சத்தமா கூப்பிடு. வீடு பூரா கேக்கற மாதிரி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடு. ஆசாபேயையும் கூப்பிடச் சொல்லு.

நானும் இங்க கூப்பிட்டுப் பாக்கறேன். கடையில ஆள் இல்லாத நேரமா, அடுப்பைப் பாத்துக்கிட்டு. லாமி. லாமி. நாக்கு இன்னும் பழைய பேருக்கே போகுது. இழுத்து வச்சுத் திரும்பச் சொல்றேன்.

லராபா